வாள் வந்த வழி

ஒரு வாளின் விலை என்ன? உடையார்பாளையத்தை அடுத்த ஊரொன்றில் பழைய இரும்பு வாங்கும் கடைக்காரர் அதற்கு எடைக்கணக்கில் விடை சொல்லிவிட்டார். அந்த விடையைக் கேட்டுக்கொண்டு நேரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர். அது 2025 புரட்டாசித் திங்கள். வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் துலக்கிப் பொட்டிட்டு வணங்கும் நாள் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கோணியில் சுற்றிய நீண்ட பொருளொன்றை என்முன் வைத்து, "ஐயா, எடைக்குக் கேட்கிறான். கொடுத்துவிடலாமா? மழைக்குமுன் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும்" என்றார்.

கோணியைப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒரு வாள். அகன்ற நேரான அலகு. அலகின் நீளத்துக்கு மூன்று மெல்லிய ஓடைகள். கையைக் காக்கும் வளைவில் யாளிமுகம். கைப்பிடியின் தலைப்பில் தட்டுப்போன்றதொரு குமிழ். உறை இல்லை. "இது எப்படித் தம்பி உங்கள் வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டேன். "அரண்மனை வாள் என்று பாட்டனார் சொல்வார். எங்கள் முன்னோர் ஒருவர் அரண்மனையில் காலாளாக இருந்தாராம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது ஐயா" என்றார். சற்று நேரங்கழித்துத் தாழ்ந்த குரலில், "சோழர் வாள் என்று சொன்னால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்பர்களே, இவ்விரு விடைகளும் ஒரே நோயின் இரு முகங்கள். ஒருவர் அதை வெற்று இரும்பு என்கிறார். மற்றொருவர் சான்றின்றிச் சோழர் வாள் என்கிறார். வாள் தன் வாயால் சொல்வதைக் கேட்க இருவருக்குமே பொறுமை இல்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். மெல்லிய துணியில் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது கைப்பிடிக்குக் கீழே உளியால் பொறித்த சில கீற்றுகள் தெரிந்தன. மாணவர் அவற்றைத் துருவென்று எண்ணியிருந்தார். அவை துரு அல்ல. ௨௰௭ என்னும் தமிழ் எண்கள். இருபத்தேழு! ஒரு வீட்டில் ஒரே வாள் இருந்தால் அதற்கு எண் எதற்கு? எண் இட்டவன் பலவற்றை அடுக்கி வைத்திருந்தான். அவற்றுக்குக் கணக்கு வைத்திருந்தான். அக்கணக்கைத் தமிழில் வைத்திருந்தான். துருப்பிடித்த மூன்று கீற்றுகள் ஒரு படைக்கலக் கொட்டிலையும் அதன் கணக்குப் பிள்ளையையும் நம் கண்முன் நிறுத்துகின்றன.

அலகின் நடுவிலோ வேறொரு குறி இருந்தது. பல்வைத்த பிறைகள் இரண்டு, முதுகொடு முதுகு சேர்ந்தாற்போல. இத்தாலி நாட்டுச் செனோவா நகரத்து அலகுகளில் இக்குறி உண்டு. கடல்வழி வந்த ஐரோப்பிய அலகுகளுக்கு இந்நாட்டுக் கொல்லர் கைப்பிடி அமைத்துக் கொடுத்த வாள்கள் பல. 'பிரங்கி' என்று வடபுலத்தார் வழங்குவது இவ்வகை வாளையே. ஆனால் அக்குறியின் மதிப்பறிந்து, இந்நாட்டுக் கொல்லரும் தாம் அடித்த அலகுகளில் அதைப் பொறித்ததுண்டு. ஆகவே குறியைக் கண்டவுடன் 'இது பரங்கி அலகு' என்று முடிவுகட்டுதலும் பிழையே.

அன்று மாலை ஒரு தாளில் நான் எழுதியது இவ்வளவுதான். கண்டது: தமிழ் எண், யாளிமுகக் காப்பு, பிறைக்குறி. கேட்டது: அரண்மனை வாள் என்னும் வீட்டு வழக்கு. கருதுவது: எண்ணிட்டு வைத்த படைக்கலக் கொட்டிலொன்றைச் சேர்ந்தது, அலகு கடல்வழி வந்ததாகலாம். இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் எழுதுவதே ஒரு படைக்கலத்தின் வழிவரலாறு. இஃது அறிஞர்க்கு மட்டுமே இயலும் அருஞ்செயல் அன்று. எழுத்தறிந்த எவரும் செய்யலாம். செய்யாமையால் நாம் இழந்தது எவ்வளவு என்பதையே இங்குச் சொல்ல வந்தேன்.

உடையார்பாளையத்துத் தலைவர்களின் பட்டப்பெயரை எண்ணிப் பாருங்கள். 'கச்சி' என்னும் முன்னடை காஞ்சியை நினைவூட்டும். அதன் பின்னே வருவது 'காலாட்கள் தோழ உடையார்' என்பது. யானைக்குத் தலைவன், குதிரைக்குத் தலைவன் என்று பெருமை பேசிய அரசர் பலர். காலால் நடந்து போரிடும் எளிய படைஞனுக்குத் தோழன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தலைவன் இப்பாளையத்தான். இந்த அழகிய தமிழ்ப்பெயர் ஆங்கிலத் தாள்களில் ஏறியபோது 'காலக்க தோழ' என்றாயிற்று. காலாளும் போனான்; பொருளும் போயிற்று. ஊர்ப்பெயருக்கு நேர்ந்ததும் அதுவே. இராபர்ட்டு ஓர்ம் முதலிய ஆங்கில வரலாற்றாசிரியர் நூல்களில் உடையார்பாளையம் 'வாரியூர்ப் பொல்லம்' என்பதுபோன்ற வடிவில் சிதைந்து கிடக்கிறது. அயல்நாட்டு அருங்காட்சியகத்து வாளொன்றின் சீட்டில் இப்பெயர் இருந்தால், அது நம் ஊர் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டுகொள்வர்? சொல் சிதைந்தால் வழி மறையும். தூய சொல்லை நாம் வற்புறுத்துவது வெறும் ஆரவாரம் என்பார் இதனை எண்ணுக.

இப்பாளையம் காடு சூழ்ந்த காப்பிடம். முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சியிலிருந்து எடுத்துச்செல்லப்பட்ட பெருமாள் திருவுருவம் உடையார்பாளையத்தில் பாதுகாக்கப்பெற்று, 1710 இல் மீண்டும் காஞ்சி சேர்ந்தது. அச்செய்தி காஞ்சிக் கோயிலில் கல்லிலே எழுதப்பெற்றுள்ளது. எனவே இன்றும் எவரும் அதை மறுக்க முடியாது. 1765 இல் ஆர்க்காட்டு நவாபின் படை கும்பெனிப் படையின் துணையோடு அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றியது. திருவுருவம் வந்ததும் மீண்டதும் கல்லில் உள. அப்போரில் எம் காலாட்கள் ஏந்திய வாளும் வேலும் எங்குப் போயின என்பது எந்தக் கல்லில் உளது?

இப்பாளையத்து இசைக்குப் பெரும்பேறு ஒன்று வாய்த்தது. கனம் கிருட்டிணையர் முதலியோர் இங்குப் பாடிய செய்திகளை உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். அவர்தம் தந்தையார்க்கும் இவ்வரண்மனையோடு தொடர்பிருந்தது. பாடினாரை எழுத ஒருவர் கிடைத்தார். போரிட்ட காலாளை எழுத அவர்போல் ஒருவர் வாய்த்திலர். பட்டப்பெயரில் தோழமை பெற்றவன் ஏட்டில் இடம்பெறவில்லை.

இஃது ஒரு பாளையத்தின் குறை மட்டுமன்று. மருதுபாண்டியரைத் தூக்கிலிட்ட பின்னர், 1801 திசம்பர் முதல் நாளில், ஆளுநர் எட்வர்டு கிளைவு தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்து அறிக்கை விடுத்தான். மீறினோர்க்கு இறப்புத் தண்டனை. 1878 இல் படைக்கலச் சட்டம் வந்தது. அஞ்சியவர் ஒப்படைத்தனர், அஞ்சாதவர் பரணில் ஒளித்தனர். ஒளித்த பொருளுக்கு எவரும் சீட்டு எழுதி வைப்பதில்லை. 'இதைப் பற்றி வெளியே பேசாதே' என்று பாட்டன் பேரனுக்குச் சொல்லிச் சென்றதே நம் வாள்களுக்கு எஞ்சிய வழிவரலாறு.

தஞ்சைக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1855 இல் சிவாசி மன்னர் ஆண் வழித்தோன்றல் இன்றி இறக்க, தஞ்சை அரசு கும்பெனியார் கைப்பட்டது. நாயக்கர் காலந்தொட்டு மராட்டியர் காலம்வரை அங்குக் குவிந்திருந்த படைக்கலங்களுள் சிறந்தவற்றைப் பொறுக்கி 1863 அளவில் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினர். எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றனர். ஆம், எடைக்கணக்கில்! நம் ஊர்க் கடைக்காரரை நான் கடிந்துகொள்ளாமைக்குக் கரணியம் இதுதான். அவர் ஓர் அரசிடமிருந்து கற்ற பாடத்தையே செய்கிறார்.

தப்பியவற்றுள் பல கடல் கடந்தன. நாகப்படம்போல் முகடு வளைந்த தஞ்சைக் கட்டாரிகள் இன்று நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1935 இல் சியார்சு கேமரூன் இசுட்டோன் என்பவர் விட்டுச்சென்ற விருப்ப ஆவணத்தின்படி அங்குச் சேர்ந்த தொகுதியில் அத்தகையவை உண்டு. இசுட்டோன் கைக்கு வந்தபின் அவற்றின் வரலாறு தெளிவு. ஆனால் எந்தக் கொல்லன் வடித்தான், எந்தப் படைஞன் பிடித்தான் என்னும் பகுதிதானே நமக்கு வேண்டுவது? அப்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் 'தென்னிந்தியா' என்னும் ஒரு சொல் மட்டுமே நிற்கும்.

வளரியின் கதையும் இதுவே. சின்னமருது தமக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலப் படைத்தலைவர் சேம்சு வெல்சு 1830 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஈட்டி எறியவும் அவரே கற்பித்தார் என்பதும் அந்நூற் செய்தி. ஆசானாயிருந்தவரை 1801 இல் தூக்கிலிட்ட படையில் அம்மாணவரும் ஒருவர். தஞ்சைக் கொட்டிலிலிருந்து தந்தத்தாலான வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து மரத்தாலானதும் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தமையை எட்கர் தர்சுட்டன் 1909 இல் பதிவுசெய்தார். அவருக்குப் புதுக்கோட்டைத் திவான் எழுதிய குறிப்பில், வளரி எறிவதில் வல்லார் அப்போதே அங்கு இல்லாமற் போனமையும், வீட்டு வழிபாட்டறையில் வைத்து ஆண்டுக்கொருமுறை துலக்கப்பெறுவதும் சொல்லப்பட்டுள்ளன. அத்தகைய கருவியை வெளிநாட்டார் 'பூமராங்கு' என்றே எழுதினர். ஆத்திரேலியப் பழங்குடியினர் கருவியோடு வடிவு ஒத்திருப்பதைக் கொண்டு, பிட் ரிவர்சு முதலானோர் இனத்தொடர்பு வரை கோட்பாடு கட்டினர். தன் பெயரை இழந்த பொருளுக்கு எவரும் எந்தக் கதையையும் சூட்டலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இனி, நம் முன்னோர் இதில் எவ்வாறு ஒழுகினர்? உடையார்பாளையம் வட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்குள்ள ஞாயிற்றுப் பீடம் சாளுக்கிய நாட்டு வேலைப்பாடு. வெற்றிப்பொருளாக வந்தது என்று ஆய்வாளர் கொள்வர். இராசேந்திரன் மகன் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை எரித்து, அங்கிருந்து வாயிற்காவலர் சிலையொன்றைக் கொணர்ந்தான். தாராசுரத்தில் இருந்த அச்சிலை இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உளது. அதன் பீடத்தில் தமிழில் ஒரு வரி வெட்டப்பட்டுள்ளது. கொணர்ந்தவன் யார், எவ்வூரிலிருந்து கொணர்ந்தான், அவ்வூரை என்செய்தான் என்னும் மூன்றும் அவ்வொரு வரியில் அடங்கும். பிறர் ஊரை எரித்துக் கொண்டுவந்தது பெருமையா என்று இன்று நாம் வினவலாம், வினவவும் வேண்டும். ஆனால் அவ்வினாவை எழுப்பும் சான்றையே அவர்கள்தாம் மறையாமல் கல்லில் வைத்தனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்தும் அச்சிலை தான் வந்த வழியைத் தானே சொல்கிறது.

நடுகல்லும் அத்தகையதே. ஆநிரை மீட்டு வீழ்ந்த எளிய மறவனுக்கும் பெயரும் ஊரும் செயலும் பொறித்துக் கல் நட்ட மக்கள் நாம். புறநானூற்றில் தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அணிசெய்யப்பெற்று மாளிகையில் இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒளவையார் ஒப்பிட்டுக் காட்டுகிறார். சிதைந்த வேலுக்கும் ஒரு வரலாறுண்டு, அதுவே அதன் மதிப்பு என்று கண்டவர் அம் மூதாட்டியார். அவர் வழிவந்த நாம் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறோம்.

அயலார் இதன் மதிப்பை நன்கறிவர். 2023 மே திங்களில் திப்புவின் பள்ளியறை வாள் இலண்டன் ஏலத்தில் ஒரு கோடியே நாற்பது இலக்கம் பவுனுக்கு விலைபோயிற்று. அவ்விலை எஃகுக்கு அன்று. 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் படைத்தலைவர் தேவிது பெயர்டுக்கு அளிக்கப்பெற்றது என்னும் சான்றுக்கு. 2025 ஏப்பிரலில் நாகபுரி மராட்டியத் தலைவர் முதலாம் இரகுசி போன்சுலேயின் வாள் இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. மராட்டிய மாநில அரசு ஏறத்தாழ 47 இலக்கம் உருபாவுக்கு அதை மீட்டு, ஆகத்து திங்களில் மும்பைக்குக் கொணர்ந்தது. அவ்வாளின் அலகும் ஐரோப்பியருடையதே. எனினும் அதன்மேல் தலைவரின் பெயர் நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. பெயர் இருந்தமையால் உரிமையாளர் அடையாளம் கண்டனர், கண்டமையால் மீட்டனர். நாளை ஒரு பாளையத்து வாள் அங்கே ஏலத்துக்கு வந்தால் தமிழக அரசு எதைக் காட்டி அதை நம்முடையது என்று சொல்லும்?

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். கிடைத்த இரும்பையெல்லாம் கரிகாலன் வேல் என்றும் இராசேந்திரன் வாள் என்றும் மேடையில் முழங்குவது தமிழ்ப்பற்று ஆகாது. மேற்சொன்ன மாணவர் வீட்டு வாளைச் சோழர் வாள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் சிலர் மகிழ்ந்திருப்பர். ஆனால் பிறைக்குறியை அறிந்த ஒருவர் கண்ட மறுநொடியே அப்பொய் உடைந்திருக்கும். அதனோடு ௨௰௭ என்னும் மெய்யும் மதிப்பிழந்திருக்கும். ஒரு பொய்ச்சான்று பத்து மெய்ச்சான்றுகளைக் கெடுக்கும். நம் மொழியின் தொன்மைக்குப் பொய் தேவையில்லை. தேவைப்படுவதாக நாமே நடந்துகொள்வதுதான் இழுக்கு.

செய்யத்தக்கவை சில சொல்வேன். முதலாவது, வீட்டில் வாளோ கட்டாரியோ வளரியோ இருப்பின் செங்கல்தூளும் புளியும் இட்டுத் தேய்க்க வேண்டா. ஆண்டுதோறும் நாம் செய்யும் வழிபாடே எழுத்தை அழித்துவிடுகிறது. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். இரண்டாவது, வெயில் சாய்வாக விழும் காலையில் அலகின் இருபுறமும் ஒளிப்படம் எடுக்க. கீற்றுகள் அப்போதுதான் தெரியும். மூன்றாவது, வீட்டு முதியோர் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லாலேயே எழுதுக. அலகு, கருக்கு, குமிழ், காப்பு என்று உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும் விடாது எழுதுக. நான்காவது, நிலத்தில் புதையலாகக் கிடைத்திருப்பின் 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க.

1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. உரிமம் இன்றி அவற்றை வணிகம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டியவை என அரசு அறிவித்தவை சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி ஆகிய வகைகளே. எளியவன் வீட்டு வாள் அவற்றுள் அடங்காது. பதிவில்லாத பொருள் மறைந்தால் தேடுவார் யார்? ஆகவே அரசைக் காத்திராமல் ஊர்தோறும் நாமே பதிவேடு திறத்தல் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் அமைக்கத் தமிழக அரசு அறிவித்துள்ளது. அங்குச் சோழர் பெருமையோடு பாளையத்துக் காலாளின் வாளுக்கும் ஓர் அறை ஒதுக்குக. ஒவ்வொன்றின் சீட்டிலும் தமிழ்ப்பெயரை முதலில் எழுதுக என்று நாம் கேட்டுப் பெறவேண்டும்.

இறுதியில் அந்த மாணவர் கேட்டார்: "ஐயா, இப்படி எழுதிவைத்தால் ஏதும் பணம் வருமா?" வராது என்றே சொன்னேன். அவர் கூரையின் ஓட்டை எனக்குத் தெரியும். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் நெடுநேரம் அந்த எண்ணையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். பின், "இருபத்தாறும் இருபத்தெட்டும் எங்கே இருக்குமோ?" என்றார். வாளைக் கோணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினார். ஓடு மாற்ற அவருக்கு வேறு வழி தேடவேண்டிய பொறுப்பு, வாளைக் காக்கச் சொன்ன எனக்கும் இவ்வூரார்க்கும் உண்டு. அதற்கான முயற்சியை ஆசிரியர் சிலர் கூடித் தொடங்கியுள்ளோம்.

அவர் கேட்ட வினாவை உங்கள்முன் வைக்கிறேன். இருபத்தாறும் இருபத்தெட்டும் எங்கே? உங்கள் ஊர்ப் பரணில் இருக்கலாம். பழைய இரும்புக் கடையின் மூலையில் இருக்கலாம். இந்நேரம் ஏதோ ஓர் உலையில் உருகிக்கொண்டும் இருக்கலாம். தேடுக, கண்டால் எழுதுக, எழுதியதைத் தமிழில் எழுதுக.